பொண்டூன் படகுக்கு எந்த விசிறி? விட்டம், பிட்ச், பெட்ரோல் செலவு பற்றிய விளக்கம்

மலேசியாவின் பேரா மாநிலத்தில், பெர்ணம் ஆற்றங்கரையிலுள்ள ஊத்தான் மெலிந்தாங் வட்டாரத்தில் பொண்டூன் படகு, அதாவது நீண்ட மிதவைகளின் மேல் தளம் அமைத்த படகு, வைத்திருப்போர் ஒரு கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். படகின் பின்புறத்தில் வெளியே தொங்கும் அவுட்போர்டு இஞ்சினின் உந்துவிசிறியை, பட்டறை வழக்கில் சொன்னால் கிப்பாஸை, வேறு அளவுக்கு மாற்றினால் பெட்ரோல் மிச்சமாகுமா? மாற்றுவதானால் பெரியதற்கா, சிறியதற்கா? 2025 செப்டம்பர் 30ஆம் நாள் புடி95 என்ற பெட்ரோல் மானியத் திட்டம் பொதுமக்களுக்கு நடைமுறைக்கு வந்தபோது, மானிய விலை லிட்டருக்கு 1 ரிங்கிட் 99 சென் என்றும், மாத வரம்பு 300 லிட்டர் என்றும், மானியமில்லாத விலை 2 ரிங்கிட் 60 சென் என்றும் அறிவிக்கப்பட்டது. அன்று முதல் லிட்டர் கணக்கு எல்லாருக்கும் கூர்மையாகிவிட்டது. 60 குதிரைத்திறன் கொண்ட ஓர் அவுட்போர்டு இஞ்சின் முழு முடுக்கத்தில் மணிக்கு ஏறத்தாழ 20 முதல் 23 லிட்டர் பெட்ரோலை எரிக்கும். அப்படிப் பார்த்தால் 300 லிட்டர் என்பது 13 முதல் 15 மணி நேர ஓட்டத்தில் தீர்ந்துவிடும் அளவுதான்.

இந்தக் கேள்விக்கு ஊரில் இரண்டு பதில்கள் புழங்குகின்றன. பெரிய விசிறி போட்டால் இஞ்சின் மெதுவாகச் சுற்றும், ஆகவே எண்ணெய் மிச்சம் என்பது ஒன்று. சிறிய விசிறி போட்டால் இஞ்சினுக்குப் பாரம் குறையும், ஆகவே எண்ணெய் மிச்சம் என்பது மற்றொன்று. இரண்டிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் இரண்டுமே “பெரியது”, “சிறியது” என்ற சொற்களுக்குள் விசிறியின் குறுக்களவான விட்டத்தையும், ஒரு சுற்றில் அது முன்னேறும் அளவான பிட்ச்சையும் ஒன்றாகக் குழப்பிவிடுகின்றன. பொண்டூன் படகைப் பொறுத்தவரை விட்டம் எவ்வளவு பெரிதாக இருக்க முடியுமோ அவ்வளவு நல்லது, பிட்ச் அப்படியல்ல. வழக்கமான பாரத்தோடு இஞ்சின் தன் உச்சச் சுழற்சி வேகத்தை எட்ட முடிகிற அளவுக்குத்தான் பிட்ச் இருக்கலாம். இதற்கான காரணங்களை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

விசிறியின் மேல் உள்ள இரண்டு எண்கள்

விசிறியின் நடுத்தண்டிலோ இதழின் அடியிலோ 14 × 11 என்பது போன்ற ஒரு குறி பொறிக்கப்பட்டிருக்கும். இரண்டு எண்களும் அங்குலத்தில் உள்ளவை.

1. முதல் எண் விட்டம். விசிறி சுழலும்போது இதழ்களின் நுனிகள் வரையும் வட்டத்தின் குறுக்களவு அது.

2. இரண்டாவது எண் பிட்ச். நீர் கொஞ்சமும் நழுவாத மென்மையான திடப்பொருளாக இருந்தால், விசிறி ஒரு முழுச் சுற்றில் எவ்வளவு தூரம் முன்னேறும் என்பதைக் குறிக்கும் அளவு அது. 11 பிட்ச் என்றால் ஒரு சுற்றுக்கு 11 அங்குலம்.

விசிறியின் மேல் எழுதப்படாத மூன்றாவது எண் ஒன்று உண்டு. அதை விட்டுவிட்டு இந்த இரண்டை மட்டும் பேசுவதில் பயனில்லை. அது கியர் விகிதம். இஞ்சின் சுற்றும் வேகத்தில் விசிறி சுற்றுவதில்லை. அடியிலுள்ள கியர்ப்பெட்டி அந்த வேகத்தைக் குறைத்து, திருப்புவிசையைக் கூட்டித் தருகிறது. ஒரே 60 குதிரைத்திறன் இஞ்சினை மெர்க்குரி நிறுவனம் இரண்டு வகைக் கியர்ப்பெட்டிகளோடு விற்கிறது. சாதாரண வகையில் விகிதம் 1.83, கமாண்ட் திரஸ்ட் எனப்படும் பெரிய வகையில் 2.33. யமஹாவின் எஃப்60, டி60 ஆகிய இரண்டுக்கும் இடையில் இருப்பதும் இதே வகை வேறுபாடுதான். இஞ்சின் நிமிடத்துக்கு 5500 முறை சுற்றும்போது, முதல் வகையில் விசிறி ஏறத்தாழ 3000 முறையும் இரண்டாம் வகையில் ஏறத்தாழ 2360 முறையும் சுற்றும். மெதுவாகவும் அதிகத் திருப்புவிசையோடும் சுற்றுவதால், இரண்டாம் வகை இஞ்சினால் மிகப் பெரிய விட்டமுள்ள விசிறியைத் திருப்ப முடிகிறது. பக்கத்துப் படகுக்காரரின் விசிறி எண்ணைக் கேட்டு அதையே வாங்கிப் பொருத்துவது ஏன் பல நேரங்களில் பொய்த்துப் போகிறது என்பதற்கு விளக்கம் இங்கேயே இருக்கிறது: இஞ்சினின் குதிரைத்திறன் ஒன்றாக இருந்தாலும் கியர் விகிதம் வேறாக இருக்கலாம்.

பொண்டூன் படகின் தனித்தன்மை

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் அம்புரோஸ் வீரஸ் என்ற உழவர் 1952இல் இரும்புப் பீப்பாய்களின் மேல் மரத்தளம் அமைத்துச் செய்ததே இன்றைய பொண்டூன் படகின் முன்னோடி. ஏரியில் தடுமாறாமல் நிற்கக்கூடிய, பலர் உட்காரக்கூடிய ஒரு தளம் வேண்டும் என்பதே அதன் நோக்கம். வேகம் அன்று யாருடைய எண்ணத்திலும் இல்லை. இன்று அலுமினியக் குழாய்கள் வந்துவிட்டன, நம் பக்கத்தில் பிளாஸ்டிக் பீப்பாய்களையும் கண்ணாடியிழை மிதவைகளையும் கொண்டு கட்டுகிறார்கள். ஆனாலும் அடிப்படை மாறவில்லை.

இந்த அமைப்பில் நீரைத் தொடும் பரப்பு அதிகம். இரண்டு நீண்ட உருளைகளும் முழு நீளத்துக்கும் நீரோடு உராய்கின்றன. கூரையும் கைப்பிடிகளும் காற்றைத் தடுக்கின்றன. கண்ணாடியிழைச் சம்பான் போல மூக்கைத் தூக்கி நீரின் மேல் எழுந்து ஓடும் திறன் சாதாரண இரட்டைக்குழாய்ப் படகுக்குக் குறைவு. குழாய்களுக்கு அடியில் மேலெழுப்பும் பட்டைகள் பற்றவைத்திருந்தால் ஓரளவு எழும், இல்லாவிட்டால் நீரை உழுதுகொண்டேதான் போகும். பாரமும் பெரிதும் மாறிக்கொண்டே இருக்கும். இறால் பிடிக்க இருவர் போகும் நாளுக்கும், ஒரு குடும்பமே முகத்துவாரம் வரை போகும் நாளுக்கும் அரை டன் வேறுபாடு எளிதில் வந்துவிடும். ஆக, இது வேகம் குறைந்த, எதிர்ப்பு மிகுந்த, பாரம் மாறுகிற ஊர்தி. அதற்கேற்ற விசிறி, வேகப்படகின் விசிறியிலிருந்து முற்றிலும் வேறுபட்டதாகத்தான் இருக்க முடியும்.

பெரிய விட்டம் ஏன் சிக்கனம்

விசிறி படகைத் தள்ளுவது நீரைப் பின்னோக்கித் தள்ளுவதன் மூலம்தான். கிடைக்கும் உந்துவிசை, ஒரு நொடியில் தள்ளப்படும் நீரின் நிறையையும் அந்த நீருக்குக் கூடுதலாகக் கொடுக்கப்படும் வேகத்தையும் பெருக்கினால் வருவது. ஆனால் அந்த நீருக்குள் வீணாகப் போய்ச் சேரும் ஆற்றல், நிறையையும் வேகத்தின் வர்க்கத்தையும் பொறுத்தது. இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டில்தான் பெட்ரோல் மிச்சமாகும் வழி ஒளிந்திருக்கிறது. இரண்டு மடங்கு நீரைப் பாதி வேகத்தில் தள்ளினால் உந்துவிசை அதேதான். வீணாகும் ஆற்றலோ பாதியாகிவிடும். ஸ்காட்லாந்துப் பொறியாளர் இராங்கின் 1865இலேயே இந்தக் கோட்பாட்டை வகுத்துவிட்டார். கப்பல் விசிறி செய்வோருக்கு இன்றும் அதுவே அடித்தளம்.

சாதாரணக் கியர்ப்பெட்டியுள்ள 60 குதிரைத்திறன் இஞ்சினில் ஏறத்தாழ 11 அங்குல விட்டத்துக்கு மேல் விசிறி பொருந்தாது. மேலேயுள்ள தகட்டில் இதழ் இடிக்கும். பெரிய கியர்ப்பெட்டியில் 14 அங்குலம் வரை போகலாம். 3 அங்குல வேறுபாடு சிறிதாகத் தெரியலாம், ஆனால் வட்டத்தின் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தோடு உயர்வதால், 14 அங்குல விசிறி 11 அங்குல விசிறியைவிட 60 விழுக்காட்டுக்கும் அதிகமான பரப்பில் நீரைப் பிடிக்கிறது. பாரமான, மெதுவாகச் செல்லும் படகில் இந்தப் பிடிப்பு மிகப் பெரிய நன்மை. வேகமாக ஓடும் இலகுவான படகில் இதே பெரிய விட்டமும் பெரிய கியர்ப்பெட்டியும் நீரில் தேவையற்ற இழுவையைத்தான் உண்டாக்கும். அதனால்தான் இதை எல்லாப் படகுகளுக்குமான விதியாகச் சொல்ல முடியாது. புதிதாகப் பொண்டூன் படகு கட்டி இஞ்சின் வாங்கப் போகிறவர், கூடுதல் குதிரைத்திறனுக்குப் பணம் கொடுப்பதற்கு முன் பெரிய கியர்ப்பெட்டி வகை கிடைக்குமா என்று கேட்பதே என் பார்வையில் அறிவுடைய செலவு. ஏற்கெனவே சாதாரணக் கியர்ப்பெட்டி வைத்திருப்பவருக்கு விட்டத்தைக் கூட்ட வழியில்லை. அவர் கையில் இருப்பது பிட்ச் மட்டும்தான்.

பிட்ச்சில்தான் பெரும்பாலும் பிழை நேர்கிறது

செம்பனைக் குலை ஏற்றிய லோரி மேட்டில் ஏறும்போது உயர்ந்த கியரில் போட்டு மிதித்தால் என்ன ஆகும் என்பது தோட்டப்புறத்தில் எல்லாருக்கும் தெரியும். இஞ்சின் மெதுவாகச் சுற்றும், திணறும், எண்ணெயும் மிச்சமாகாது. லோரிக்காரர் உடனே கியரைக் குறைக்க முடியும். படகில் அது முடியாது. பிட்ச் என்பது கடையில் வாங்கும்போதே ஒரே கியரில் பூட்டிவிடுவது போன்றது. காலியாகப் போனாலும் பத்துப் பேரை ஏற்றிப் போனாலும் அதே கியர்தான்.

ஒவ்வோர் அவுட்போர்டு இஞ்சினுக்கும் முழு முடுக்கத்தில் எந்தச் சுழற்சி வேகத்துக்குள் ஓட வேண்டும் என்ற வரம்பு உண்டு. கையேட்டில் அது அச்சிடப்பட்டிருக்கும். யமஹா எஃப்60க்கு அது நிமிடத்துக்கு 5000 முதல் 6000 வரை. சுசுகி டிஎஃப்60ஏ இஞ்சினுக்கு 5300 முதல் 6300 வரை. விசிறி சரியானதா என்பதற்கான முதல் அளவுகோல் இந்த வரம்புதான். பிட்ச்சை ஓர் அங்குலம் குறைத்தால் உச்சச் சுழற்சி ஏறத்தாழ 150 முதல் 200 வரை உயரும். ஓர் அங்குலம் கூட்டினால் அதே அளவு குறையும்.

உச்சச் சுழற்சி இந்த வரம்புக்குக் கீழேயே நின்றுவிட்டால் பிட்ச் அதிகம் என்று பொருள். அப்போது முடுக்கியை எவ்வளவு திறந்தாலும் இஞ்சின் மேலே போகாது. உருளைக்குள் வெப்பமும் அழுத்தமும் மிகும், கரி படியும், உரிய நேரத்துக்கு முன் வெடித்தெரியும் தட்டல் தோன்றும். பழைய இரண்டு ஸ்ட்ரோக் இஞ்சினாக இருந்தால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும் அபாயமும் உண்டு. மாறாக, சுழற்சி வரம்பை மீறினால் பிட்ச் போதாது. இஞ்சின் வீணாகச் சுழலும், புதிய இஞ்சின்களில் கட்டுப்பாட்டுக் கருவியே அதைத் தடுத்து வெட்டிவிடும்.

இனி, இஞ்சின் மெதுவாகச் சுற்றினால் மிச்சம் என்ற கருத்தில் உள்ள உண்மை என்ன? ஒரு குறிப்பிட்ட வேகத்தில் படகைத் தள்ளத் தேவையான ஆற்றல், இஞ்சின் எந்தச் சுழற்சியில் ஓடினாலும் ஏறத்தாழ ஒன்றுதான். பெட்ரோல் இஞ்சின், குறைந்த சுழற்சியிலும் மிதமான பாரத்திலும் ஓடும்போது, காற்றை உள்ளிழுக்கும் சிரமமும் உராய்வும் குறைவதால் சற்றுத் திறமையாகவே எரிக்கிறது. ஆகவே எப்போதும் இரண்டு மூன்று பேரோடு மட்டும், நிதான வேகத்தில் போகிறவர் வரம்புக்கு உட்பட்டு ஓர் அங்குலம் கூடுதல் பிட்ச் வைத்தால் சிறு மிச்சம் கிடைக்கக்கூடும். ஆனால் அந்த மிச்சம் பாரம் ஏறியவுடன் மறைந்துவிடும். இழுக்க முடியாமல் முடுக்கியை மேலும் மேலும் திறக்க நேரும்போது, இஞ்சினின் கணினி தன்னைக் காத்துக்கொள்ள எரிகலவையில் பெட்ரோலின் பங்கைக் கூட்டுகிறது. சுசுகியின் லீன் பர்ன் போன்ற சிக்கன எரிப்பு முறைகளும் மிதமான ஓட்டத்தில்தான் வேலை செய்யும். திணறும் இஞ்சினில் அந்தச் சலுகை கிடைக்காது. பொண்டூன் படகு பெரும்பாலும் பாரத்தோடு ஓடுவது என்பதால், கூடுதல் பிட்ச்சைச் சிக்கன வழியாகப் பரிந்துரைப்பதை நான் ஏற்பதில்லை. இழப்பு பெட்ரோலில் மட்டும் நிற்காமல் இஞ்சினின் ஆயுளிலும் விழுகிறது.

நம் தட்பவெப்பத்தையும் இங்கே சேர்க்க வேண்டும். வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த காற்றில் உயிர்வளியின் செறிவு குறைவதால் இஞ்சினின் திறன் சில விழுக்காடு குறைகிறது. குளிர்நாட்டு ஏரிகளில் சோதித்து வெளியிடப்படும் விசிறிப் பட்டியல்களை அப்படியே நம்பி வாங்கினால், பேராவின் நண்பகல் வெயிலில் அதே விசிறி இஞ்சினைத் திணற வைக்கலாம். இரண்டு அளவுகளுக்கு இடையில் தயங்கும்போது குறைந்த பிட்ச்சைத் தேர்ந்தெடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

நழுவலைக் கணக்கிடுதல்

நீர் திடப்பொருள் அல்ல. ஆகவே விசிறி கோட்பாட்டளவில் முன்னேற வேண்டிய தூரம் முழுவதையும் படகு கடப்பதில்லை. அந்தக் குறைவுக்கு நழுவல் என்று பெயர். அதைக் கைப்பேசியும், இஞ்சினின் சுழற்சி வேகத்தைக் காட்டும் டாக்கோமீட்டரும் இருந்தால் யாரும் கணக்கிடலாம். இஞ்சினின் சுழற்சி வேகத்தைப் பிட்ச் அளவால் பெருக்கி, 0.001524 என்ற எண்ணாலும் பெருக்கி, கியர் விகிதத்தால் வகுத்தால், நழுவலே இல்லாத வேகம் மணிக்குக் கிலோமீட்டரில் கிடைக்கும்.

ஒரு மாதிரிக் கணக்கு: சுழற்சி 5500, பிட்ச் 11, கியர் விகிதம் 2.33 என்று கொண்டால், கோட்பாட்டு வேகம் 39.6 கிலோமீட்டர். கைப்பேசியின் ஜிபிஎஸ் 29 கிலோமீட்டர் காட்டினால் நழுவல் ஏறத்தாழ 27 விழுக்காடு. பொண்டூன் படகில் 15 முதல் 30 விழுக்காடு வரை நழுவல் இருப்பது இயல்பு. அதற்கு மேல் போனால் விசிறியின் விட்டம் போதாது, இதழ் தேய்ந்திருக்கிறது, அல்லது விசிறி காற்றை உறிஞ்சுகிறது என்று சந்தேகிக்க வேண்டும். நழுவல் சுழியத்துக்கு வரவே வராது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். நீரைப் பின்னே தள்ளாமல் உந்துவிசை பிறக்காது. கணக்கில் நழுவல் ஐந்து விழுக்காட்டுக்கும் கீழே வந்தால் பெரும்பாலும் டாக்கோமீட்டர் தவறு, அல்லது கியர் விகிதம் தவறாக எடுக்கப்பட்டது.

மணிக்கு எத்தனை லிட்டர் என்பதும் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதும்

விசிறி மாற்றத்தை மதிப்பிடுவோர் பலர் மணிக்கு எத்தனை லிட்டர் போகிறது என்று மட்டும் பார்க்கிறார்கள். இது ஏமாற்றும் அளவு. வேகம் குறைந்தால் மணிக்கான செலவு குறையத்தான் செய்யும். போய்ச் சேர வேண்டிய தூரத்துக்கு மொத்தம் எவ்வளவு செலவாயிற்று என்பதே பணப்பையைத் தொடும் அளவு.

விசிறிக்குத் தேவைப்படும் ஆற்றல் சுழற்சி வேகத்தோடு நேர்விகிதத்தில் உயர்வதில்லை. ஏறத்தாழ அதன் இரண்டரை அடுக்காக (2.5 என்ற அடுக்குக்குறியோடு) உயர்கிறது. அதன்படி 5500 சுழற்சியில் தேவைப்படும் ஆற்றலை 100 என்று கொண்டால், 4500இல் ஏறத்தாழ 60, 4000இல் 45, 3000இல் 22 போதும். முடுக்கியைச் சற்றே பின்னிழுப்பது விசிறி மாற்றத்தைவிடப் பல மடங்கு பலன் தருவது இதனால்தான். கணக்கு விளங்குவதற்காகச் சில எண்களை வைத்துக்கொள்வோம்.

1. முழு முடுக்கத்தில் மணிக்கு 29 கிலோமீட்டர் வேகம், 22 லிட்டர் செலவு: லிட்டருக்கு 1.3 கிலோமீட்டர்.

2. 4000 சுழற்சியில் 19 கிலோமீட்டர், 10 லிட்டர்: லிட்டருக்கு 1.9 கிலோமீட்டர்.

3. மெதுவாக 10 கிலோமீட்டர், மூன்றரை லிட்டர்: லிட்டருக்கு ஏறத்தாழ 2.9 கிலோமீட்டர்.

மூன்றாவது நிலைக்கு ஓர் இயற்பியல் எல்லை உண்டு. நீரை விலக்கிச் செல்லும் எந்தப் படகும் ஒரு குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் தானே எழுப்பும் அலையோடு போராட வேண்டியிருக்கும். மிதவைக் குழாயின் நீளத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை நாலரையால் பெருக்கினால் அந்த வேகம் தோராயமாகக் கிடைக்கும். 20 அடி, அதாவது 6.1 மீட்டர் நீளமுள்ள குழாய்க்கு அது மணிக்கு 11 கிலோமீட்டர். ஒல்லியான உருளை என்பதால் பொண்டூன் படகு அகன்ற மரப்படகைப் போல அங்கே சுவரில் முட்டியது போல நின்றுவிடாது. ஆயினும் செலவு ஏறத் தொடங்குவது அங்கேதான். இந்த வேகத்துக்கு மேலே, படகு ஓரளவாவது எழும்பி ஓடத் தொடங்குவதற்குக் கீழே இருக்கும் இடைப்பகுதியில், படகின் பின்புறம் அமிழ்ந்து பெரிய அலை பின்தொடரும். வேகத்துக்குக் கிடைக்கும் பலனை வைத்துப் பார்த்தால் பெட்ரோல் மிக வீணாகும் பகுதி அதுவே; அதில் நெடுநேரம் ஓட்டுவதைத் தவிர்க்க வேண்டும். பாரமேற்றிய படகு அந்தப் பகுதியைக் கடக்க முடியாமல் அங்கேயே உழல்வது பிட்ச் அதிகம் என்பதற்கான வெளிப்படையான அறிகுறி. ஊரில் நடக்கும் பல “பெட்ரோல் குடிக்கிறது” என்ற முறையீடுகளின் வேர் இங்கேதான் இருக்கிறது என்று நான் கருதுகிறேன்.

வாங்குமுன் சோதிக்கும் முறை

1. வழக்கமாக ஏற்றும் பாரத்தோடு சோதிக்க வேண்டும். காலிப் படகில் எடுத்த எண்ணை வைத்து விசிறி வாங்கினால் அது விடுமுறை நாளில் தோற்றுவிடும்.

2. இப்போதுள்ள விசிறியின் எண்களையும், இஞ்சின் கையேட்டிலுள்ள கியர் விகிதத்தையும், முழு முடுக்கச் சுழற்சி வரம்பையும் குறித்துக்கொள்ள வேண்டும். டாக்கோமீட்டர் இல்லாத படகில் அதைப் பொருத்தாமல் விசிறி மாற்றுவது கண்ணைக் கட்டிக்கொண்டு வாங்குவதுதான்; விசிறியைவிட அது மலிவானது.

3. நேரான, ஆழமான, வேறு படகுகள் இல்லாத பகுதியில் முழு முடுக்கத்தில் சிறிது நேரம் ஓட்டி, சுழற்சி நிலைபெற்றபின் எண்ணைக் குறிக்க வேண்டும்.

4. ஜிபிஎஸ் வேகத்தை நீரோட்டத்தோடு ஒரு முறையும் எதிராக ஒரு முறையும் எடுத்துச் சராசரி காண வேண்டும். பெர்ணம் ஆற்றின் கீழ்ப்பகுதி ஏற்றவற்றத்துக்கு உட்பட்டது என்பதால், ஒரு திசையில் மட்டும் எடுத்த வேகத்துக்குப் பொருளே இல்லை.

5. சுழற்சி வரம்பின் மேல்பாதிக்குள் வருகிறதா என்று பார்த்து, வராவிட்டால் ஓர் அங்குலத்துக்கு 150 முதல் 200 என்ற கணக்கில் புதிய பிட்ச்சை முடிவு செய்யலாம். எடுத்துக்காட்டாக, 5000 முதல் 6000 வரம்புள்ள இஞ்சின் 4900இல் நின்றால், 4 அங்குலம் குறைக்கும்போது 5500 முதல் 5700 வரை எதிர்பார்க்கலாம்.

6. பெட்ரோல் கணக்கை ஒரே பயணத்தில் முடிவுகட்டாமல், தொட்டியை நிரப்பி, ஓடிய கிலோமீட்டரைக் குறித்து, மீண்டும் நிரப்பி, பழைய விசிறிக்கும் புதியதற்கும் ஒரே வகைப் பயணங்களில் ஒப்பிட வேண்டும்.

விசிறி விற்பவர் மாற்றிக்கொள்ள அனுமதி தருவாரா என்பதை முன்னதாகவே கேட்பது நல்லது. எந்தக் கணக்கும் ஓர் அங்குலம் முன்பின்னாகலாம்.

மூன்று இதழா, நான்கு இதழா?

நான்காவது இதழ் கூடுதல் பரப்பைத் தருகிறது. மெதுவான வேகத்தில் நழுவல் குறையும், திருப்பத்தில் பிடிப்பு விடாது, அதிர்வும் குறையும். உச்ச வேகம் மட்டும் சற்றுக் குறையும். விட்டத்தைக் கூட்ட முடியாத சாதாரணக் கியர்ப்பெட்டி இஞ்சினுக்கு இது நல்ல மாற்றுவழி. மூன்றிலிருந்து நான்குக்கு மாறும்போது பிட்ச்சை ஓர் அங்குலம் குறைத்து வாங்க வேண்டும்; இல்லாவிட்டால் கூடுதல் இதழே இஞ்சினை இழுத்துப் பிடிக்கும்.

உலோகத்தைப் பொறுத்தவரை, துருப்பிடிக்காத எஃகு விசிறியின் இதழ்கள் மெல்லியவை, வளையாதவை, திறமையானவை. விலையோ அலுமினியத்தைப்போல் பல மடங்கு. வேகப்படகில் அந்தத் திறமை வெளிப்படும். பொண்டூன் படகின் வேகத்தில் வேறுபாடு சிறிது. மேலும் நம் ஆற்றில் மிதக்கும் கட்டைகளும் செம்பனை மட்டைகளும் ஏராளம். கட்டையில் மோதும்போது அலுமினிய இதழ் வளைந்து அடியைத் தானே ஏற்கும்; எஃகு விசிறி அந்த அடியைக் கியர்ப்பெட்டிக்கு அனுப்பக்கூடும். அலுமினிய விசிறி இரண்டு வாங்கி, ஒன்றை அதற்குரிய நட்டு, ஊசியோடு படகிலேயே வைத்திருப்பதுதான் இந்த ஆற்றுக்குப் பொருத்தம்.

விசிறியின் மேல் பழி விழும் வேறு காரணங்கள்

இஞ்சின் சத்தம் திடீரென உயர்ந்து படகு முன்னேறாமல் நின்றால், பெரும்பாலும் விசிறி மேற்பரப்புக் காற்றை உறிஞ்சுகிறது. இரு குழாய்களுக்கும் நடுவே இஞ்சின் தொங்குவதாலும், முன்பக்கக் குறுக்குச் சட்டங்கள் நீரைக் கலக்கி நுரையைப் பின்னே அனுப்புவதாலும் பொண்டூன் படகில் இது அடிக்கடி நேர்கிறது. விசிறிக்கு மேலேயுள்ள தட்டையான தகடு, ஓட்டத்தின்போது கலங்காத நீரின் மட்டத்தை ஒட்டி இருக்க வேண்டும். அதைவிட உயர்ந்திருந்தால் இஞ்சினை ஒரு துளை கீழே இறக்கிப் பொருத்திப் பார்க்க வேண்டும். இஞ்சினை வெளிநோக்கி அதிகம் சாய்த்து ஓட்டுவதாலும் இதே தொல்லை வரும். நடுத்தண்டினுள் இருக்கும் ரப்பர் தளர்ந்து சுழன்றாலும் ஏறத்தாழ இதே அறிகுறிதான் தோன்றும். தண்டிலும் விசிறியிலும் ஒரே நேர்கோட்டில் ஒரு கோடு போட்டுவிட்டு, பாரத்தோடு ஓட்டித் திரும்பி வந்து அவை விலகியிருக்கின்றனவா என்று பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

உப்புநீர் கலக்கும் பகுதியில் கட்டிவைக்கப்படும் படகின் குழாய்களில் பாசியும், தெரித்திப் எனப்படும் கொட்டலசும் விரைவில் ஒட்டிக்கொள்கின்றன. சொரசொரப்பான அந்தப் பரப்பு உண்டாக்கும் இழுவையை எந்த விசிறியாலும் ஈடுகட்ட முடியாது. பீப்பாய்களுக்குள் நீர் புகுந்திருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். 100 லிட்டர் நீர் என்றால் கண்ணுக்குத் தெரியாத 100 கிலோ சுமை. படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தோ பின்புறம் வழக்கத்தைவிட அமிழ்ந்தோ நின்றால், விசிறிக் கடைக்குப் போகுமுன் அதன் மூடிகளைத் திறந்து பார்ப்பதே முறை.

இரண்டு ஸ்ட்ரோக் கார்புரேட்டர் இஞ்சின்கள் இன்னும் நம் ஆறுகளில் நிறைய ஓடுகின்றன. உறுதியானவை, பழுது பார்க்க எளியவை. ஆனால் அவற்றின் அமைப்பிலேயே, உள்ளே வந்த பெட்ரோலில் நான்கில் ஒரு பங்கு வரைகூட எரியாமலே புகையோடு வெளியேறிவிடும். அப்படிப்பட்ட இஞ்சினில் விசிறியைச் சரிசெய்வது இஞ்சினைக் காக்கும், ஓட்டத்தைச் சீராக்கும். பெட்ரோல் செலவில் பெரிய வேறுபாட்டை எதிர்பார்ப்பவர் நான்கு ஸ்ட்ரோக் இஞ்சினுக்கு மாறுவதைத்தான் எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கும்.

கடைசியாக, செலவே இல்லாத ஒரு வழி ஏற்றவற்ற அட்டவணையில் இருக்கிறது. மேலே சொன்ன மாதிரிப் படகு நீரில் மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் மூன்றரை லிட்டர் எரித்துக்கொண்டு போகிறது என்றும், நீரோட்டம் மணிக்கு 4 கிலோமீட்டர் என்றும் வைத்துக்கொள்வோம். எதிர்நீரில் 10 கிலோமீட்டர் கடக்க 100 நிமிடமும் 5.8 லிட்டரும் ஆகும். நீரோடு போனால் 43 நிமிடமும் இரண்டரை லிட்டரும் போதும். வற்றத்தோடு முகத்துவாரத்துக்கு இறங்கி ஏற்றத்தோடு திரும்பும் பயணத்துக்கு 5 லிட்டர். இரண்டு முறையும் எதிர்நீரில் போக நேர்ந்தால் ஏறத்தாழ 11.7 லிட்டர்.